அம்மாயியின் ஒப்பாரியும் ஒரு வருடக் கலாநிதிப் பட்டமும்

வெள்ளவத்தையில் வசிக்கும் 41 வயதுச் சகோதரி ஒருவர் எட்டுப் பக்கங்களில் எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். பேராதனையில் கலைமாணிப் பொதுப் பட்டம் பெற்று, 14 வருடங்களாகக் கொழும்பில் அரச பாடசாலை ஒன்றில் கிறிஸ்தவ பாடம் கற்பிக்கிறார். அங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்தவர். வார இறுதிகளில் ஒரு செமினரிக்கு (திருச்சபை நடத்தும் இறையியல் கல்லூரிக்கு) போய் இறையியலில் முதுமாணியும் முடித்துவிட்டார். இனி ஒரு பல்கலைக்கழகத்தில் இறையியல் கலாநிதிப் பட்டம் செய்ய வேண்டும் என்பது அவருடைய ஆசை. இந்த நேரத்தில் சுயாதீன சபைப் போதகர் ஒருவர் ஒரு விளம்பரத் தாளோடு வந்திருக்கிறார். அமெரிக்கப் பல்கலைக்கழகமாம். ஒரே வருடம், 12 ஒப்படைகள், 2,500 டொலர், பட்டமளிப்பு கொழும்பு ஹோட்டல் ஒன்றில். டொரொன்டோவில் இருக்கும் அண்ணா பணம் தரத் தயார். கணவரோ, "பேருக்கு முன்னால டொக்டர் போட்டு என்ன செய்யப் போறீங்க?" என்கிறார். ஊழியத்துக்கு வரப்போவதில்லை என்றால் இந்தப் படிப்பு எதற்கு என்று சபைக் குருவானவர் கேட்டிருக்கிறார். இறையியலை அதிகம் படித்தால் விசுவாசம் போய்விடும் என்று ஒரு தோழி பயமுறுத்தியிருக்கிறார். அந்தப் பட்டம் செல்லுமா, குருத்துவம் பெறாத ஒரு பெண் இதைச் செய்யலாமா, ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டுமா, முடித்தால் பல்கலைக்கழக விரிவுரையாளர் ஆகலாமா என்பன அவருடைய நான்கு கேள்விகள்.

கடைசிப் பக்கத்தின் அடியில், கையெழுத்துக்கு மேலே, இப்படி ஒரு வரியும் இருந்தது: "என் அம்மாயி தோட்டத்து ஜெபக்கூட்டத்தில் சங்கீதத்தை ஒப்பாரி மெட்டில் பாடுவாங்க, ஒரு நாள் போதகர் அது கிறிஸ்தவப் பாட்டு இல்லை என்று நிறுத்தச் சொல்லிட்டார், அது ஏன் என்று இன்னும் யோசிக்கிறேன்." (சங்கீதம் என்று அவர் சொல்வது வேதாகமத்தின் சங்கீத நூலிலுள்ள ஜெபப் பாடல்களை, அம்மாயி என்பது அம்மாவின் அம்மாவை.)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை நீங்கள் இலக்கமிட்ட நான்கு கேள்விகளும் கண்ணில் பட்டன. இரண்டாம் தடவை அந்தக் கடைசி வரி பட்டது. நான்குக்கும் பதில் சொல்கிறேன், ஆனால் இந்தக் கடிதத்தில் ஆய்வுக்கேள்வி என்று இருப்பது ஐந்தாவதுதான். நீங்கள் அதற்கு இலக்கம்கூடப் போடவில்லை.

அந்த 2,500 டொலர்

முதலில் இதை முடித்துவிடுவோம். விளம்பரத் தாளின் பிரதியை அனுப்பியதற்கு நன்றி. "புளோரிடா மாநிலத்தில் பதிவுசெய்யப்பட்டது" என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அந்த மாநிலத்தில் மதக் கல்லூரிகளுக்கு அரச உரிமம் பெறுவதிலிருந்தே விலக்கு உண்டு. தாங்கள் மதப் பட்டங்களை மட்டும் வழங்குகிறோம் என்பது போன்ற சில நிபந்தனைகளுக்கு உறுதிமொழி கொடுத்தால் போதும். அந்த விலக்கைத்தான் சிலர் நம் ஊரில் அங்கீகாரம் என்று காட்டுகிறார்கள். பரீட்சை எழுதத் தேவையில்லை என்று விலக்களிக்கப்பட்டவர் பரீட்சையில் சித்தியடைந்ததாகச் சொல்வது போன்றது அது. அமெரிக்காவில் இறையியல் நிறுவனங்களின் தரத்தை முக்கியமாகச் சோதிப்பது அமெரிக்க, கனேடிய இறையியல் கல்லூரிகளின் சங்கம். அதன் உறுப்பினர் பட்டியல் இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. பெயரைத் தட்டிப் பாருங்கள்.

இலங்கையில் கேட்க வேண்டிய இடம் வார்ட் பிளேஸில் இருக்கும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் அமைந்தது. ஒரு வெளிநாட்டு நிறுவனம் அங்கீகரிக்கப்பட்டதா என்று அங்கே எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் யாரோ "ஓம் ஓம்" என்றது நாளைக்கு உதவாது. பட்டங்களைத் தரவரிசைப்படுத்தும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 12 மட்டங்கள் இருக்கின்றன. கலாநிதிப் பட்டம் உச்சியில், 12ஆம் மட்டத்தில் இருக்கிறது. முழுநேரமாகச் செய்தாலும் குறைந்தது மூன்று வருட சுயமான ஆய்வை அது எதிர்பார்க்கிறது. 12 ஒப்படைகளை ஒரு வருடத்தில் எழுதி அந்தப் படிக்கு ஏற முடியாது.

கட்டணத்தை யாருடைய கணக்கில் போடச் சொன்னார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கொழும்பில் ஒரு தனியாளின் வங்கிக் கணக்கு என்றால் பேச்சை அத்தோடு நிறுத்துங்கள். போதகரைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை, அவரும் நம்பித்தான் வாங்கியிருக்கலாம். ஆனால் அண்ணா டொரொன்டோவில் இரவு வேலை செய்து சேர்த்த பணம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த டொலருக்கு வேறு நல்ல பயன்கள் உண்டு, கீழே சொல்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது, இது கொஞ்சம் கசக்கும். வார இறுதி முதுமாணிப் பட்டத்தின் சான்றிதழை எடுத்து, அதை வழங்கியது எந்தப் பல்கலைக்கழகம் என்று பாருங்கள். செமினரி தன் சொந்தப் பெயரில் வழங்கியிருந்தால், ஆசிய இறையியல் சங்கத்தின் தரச்சான்று இருந்தாலும், அரச பல்கலைக்கழகம் அதைத் தனக்குரிய முதுமாணியாக எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அந்தச் சான்று செமினரிகளுக்கு இடையில் பெறுமதியானது. நீங்கள் படித்த படிப்பு வீண் என்று நினைக்க வேண்டாம். எந்தக் கதவுக்கு எந்தத் திறப்பு என்பது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சபைக் குருவானவருக்கும் தோழிக்கும்

குருத்துவ அபிஷேகமும் கலாநிதிப் பட்டமும் இரண்டு வேறு பாதைகள். பட்டம் ஒருவரைக் குருவாக்காது, குருவாக இருப்பதும் பட்டத்துக்கு நிபந்தனை அல்ல. 'டொக்டர்' என்ற சொல்லின் இலத்தீன் வேர் 'கற்பித்தல்' என்பது. 14 வருடம் வகுப்பில் நின்ற உங்களுக்கு அந்த வேர் அந்நியமானதா? கத்தோலிக்கர் அதே 'டொக்டர்' என்ற சொல்லால், தமிழில் 'மறைவல்லுநர்' என்று, போற்றும் வரிசையில் 1970இல் அவிலா தெரேசாவையும் சியன்னா கத்தரீனாவையும் சேர்த்தார்கள். இருவரும் குருக்கள் அல்லர். சபைக் குருவானவரோடு வாதாடப் போக வேண்டாம். அவருடைய பரிந்துரைக் கடிதம் பின்னால் தேவைப்படும்.

விசுவாசம் போகுமா என்பதற்கு என்னிடம் உறுதிமொழி இல்லை. பழக்கத்தால் நம்பிய சில விஷயங்கள் ஆடும், அது உண்மை. ஆனால் ஆய்வேடு பிரசங்கம் அல்ல. அதை வாசிக்கும் பரீட்சகர் இந்துவாகவோ எந்த மதமும் இல்லாதவராகவோ இருக்கலாம். அவரும் "வாதம் சரி" என்று ஒத்துக்கொள்ளும்படி எழுத வேண்டும். இயேசு சபைக் குருவான அலோசியஸ் பீரிஸ் தன் கலாநிதிப் பட்டத்தை இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பௌத்தத் தத்துவத்தில் செய்தவர். அதன் பிறகும் குருவாகவே இருந்தார், களனியில் துலானா ஆய்வு நிலையத்தை நிறுவி உலகம் கவனித்த இறையியலை எழுதினார். தோழிக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஒரு பாட்டு, மூன்று வாசல்கள்

இப்போது அம்மாயிக்கு வருகிறேன். (எங்கள் பக்கம் அம்மம்மா என்போம். அம்மாயி என்று வாசிக்கவே நன்றாக இருக்கிறது.)

"இறையியலில் கலாநிதி செய்ய வேண்டும்" என்று எழுதினால் எந்தப் பேராசிரியரும் பதில் போடமாட்டார். "மலையகத் தோட்ட ஜெபக்கூட்டங்களில் பெண்கள் சங்கீதங்களை ஒப்பாரி மெட்டில் பாடினார்கள். திருச்சபை அதை ஏன் நிறுத்தியது? நிறுத்தியபோது எது இழக்கப்பட்டது?" என்று எழுதிப் பாருங்கள். நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் இதே கேள்வியோடு எந்த வாசலில் நுழைகிறீர்களோ, அதைப் பொறுத்து அடுத்த ஆறு வருட வாழ்க்கையே மாறிவிடும்.

பழைய ஏற்பாட்டு வாசலால் நுழைந்தால், எருசலேம் விழுந்ததற்கு அழும் புலம்பல் நூல் உங்கள் மேசையில் இருக்கும். அதில் ஐந்து பாடல்கள். முதல் நான்கும் எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்து வரிசையில் கட்டப்பட்டவை. அதனால்தான் மூன்றாம் அதிகாரத்தில் எழுத்துக்கு மூன்றாக 66 வசனங்கள் வருகின்றன. முதல் அடி நீண்டு அடுத்த அடி குறுகி, மூச்சு இரைப்பது போல ஓடும் ஓசையை அறிஞர்கள் இழவுப்பாட்டின் சந்தம் என்கிறார்கள். அதையும் நம் ஒப்பாரியையும் பக்கத்தில் வைத்துக் கேட்பது அருமையான வேலை. ஆனால் எபிரேயம் இல்லாமல் அந்த வாசல் திறக்காது. 41 வயதில் எபிரேயம் தொடங்கலாம், தொடங்கியவர்கள் இருக்கிறார்கள். அதற்கு இரண்டு வருடங்களைத் தனியாக ஒதுக்க வேண்டும்.

இரண்டாவது, திருச்சபை வரலாறு. கோப்பித் தோட்டக் காலத்திலேயே, 1854இல், தோட்டத் தமிழருக்கென்று 'தமிழ்க் கூலி மிஷன்' தொடங்கியது. பெயரே ஒரு காலத்தின் சாட்சி. அதோடு சேர்ந்து இயங்கிய இங்கிலாந்துத் திருச்சபை மிஷனரிச் சங்கத்தின் பழைய கடிதங்களும் அறிக்கைகளும் இன்று பர்மிங்ஹாம் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. பாட்டைப் பற்றி, அழுகையைப் பற்றி, "அஞ்ஞான வழக்கம்" என்று அவர்கள் கருதியவை பற்றி அங்கே என்ன எழுதியிருக்கிறார்கள் என்று நீங்கள்தான் போய்த் தேட வேண்டும். இதற்கு எபிரேயம் வேண்டாம், 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கையெழுத்தை வாசிக்கும் பொறுமை வேண்டும். அண்ணாவின் டொலர் இதற்குப் பொருந்தும். பட்டம் வாங்கச் செலவழிப்பதை விட, ஆறு வாரம் அந்தக் காகிதங்களின் முன் உட்காரச் செலவழிக்கலாம்.

மூன்றாவது, நடைமுறை இறையியலும் நாட்டார் வழக்காற்றியலும் சந்திக்கும் இடம். பாடிய பெண்களைத் தேடிப் போய்க் கேட்பது. தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் காலத்திலிருந்து கர்நாடக இராகத்தில் அமைந்த கீர்த்தனை தமிழ்த் தேவாலயத்துக்குள் மதிப்போடு இருக்கிறது. அவருக்குத் திறந்த கதவு அம்மாயிக்கு ஏன் திறக்கவில்லை? மெட்டா காரணம், சாதியா, பெண் குரலா, சாவீட்டின் நினைவா? எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது, சொல்ல மாட்டேன். உங்கள் ஆய்வைக் கெடுத்துவிடும்.

என் சாய்வை மறைக்காமல் சொல்கிறேன். நீங்கள் மூன்றாவது வாசலால் நுழைந்து, இரண்டாவதைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். தோட்டத்து மொழி தெரிந்தவர், அந்த லயன் அறைகளில் வளர்ந்தவர், இறையியல் வாசித்தவர், மூன்றும் சேர்ந்த ஆள் அதிகம் இல்லை.

எங்கே பதிவது

நம் அரச பல்கலைக்கழகங்களில் 'இறையியல்' என்ற பெயரில் தேடாதீர்கள், கிடைக்காது. யாழ்ப்பாணத்தில் கிறிஸ்தவ நாகரிகம் என்றும், களனியில் கிறிஸ்தவப் பண்பாடு என்றும் தேடுங்கள். பொதுப் பட்டத்தோடு நேரே கலாநிதிக்குப் பதிய விடமாட்டார்கள். முதலில் முதுதத்துவமாணிக்கு, அதாவது எம்.பில்.லுக்குப் பதிந்து, வேலை நன்றாக நகர்ந்தால் கலாநிதிக்குத் தரமுயர்த்தக் கேட்கும் வழி உண்டு. அதற்கு முன்பாக ஒரு தகுதிகாண் பரீட்சையோ முதுமாணியோ கேட்கவும் கூடும். வேலையை விடாமல், குறைந்த செலவில், பகுதிநேரமாகச் செய்யக்கூடிய வழி இதுதான். உங்கள் மூன்றாவது கேள்விக்கும் இங்கேதான் பதில். யாழ்ப்பாணத்தில் தமிழில் ஆய்வேடு எழுதலாம். ஒப்பாரியைப் பற்றி ஆங்கிலத்தில் மட்டும் எழுதினால், பாடியவர்களின் பேத்திகள் வாசிக்க முடியாத புத்தகமாகப் போய்விடும். ஆனாலும் ஆங்கிலத்தை விட்டுவிடாதீர்கள், வாசிக்க வேண்டியதில் பாதிக்கு மேல் அதில்தான் இருக்கும்.

இந்தியாவுக்குப் போவதென்றால் இரண்டு வழிகள். ஒன்று மேற்கு வங்காளத்தின் செராம்பூர். 1818இல் தொடங்கிய கல்லூரி, 1827இல் டென்மார்க் அரசரின் சாசனத்தால் பட்டம் வழங்கும் உரிமை பெற்றது. பிலிமத்தலாவையில் 1963இல் அமைந்த நம் இலங்கை இறையியல் கல்லூரியும் அதோடு இணைந்ததுதான். பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரி, மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி ஆகியனவும் அந்தக் குடும்பம். அங்கே பி.டி. (இறையியல் இளமாணி), எம்.டிஎச். (இறையியல் முதுமாணி), அதற்குப் பிறகுதான் கலாநிதி என்று படி படியாகப் போக வேண்டும். உங்கள் வயதில், இரண்டு பிள்ளைகளோடு, அந்தப் படிகள் நீளமானவை. மற்றது சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்தவ ஆய்வுத் துறை. இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகள் குறைந்தது மூன்று, கூடியது ஆறு வருடம் என்கின்றன, பெண்களுக்கு மேலதிகக் காலமும் தருகின்றன. தொலைக்கல்வியில் செய்த கலாநிதிப் பட்டத்தை அவை ஏற்பதில்லை என்பதையும் கவனியுங்கள்.

தென்னாபிரிக்காவின் யுனிசா போன்ற பல்கலைக்கழகங்களில் இங்கிருந்தபடியே பதியலாம். பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் சிலவும் பகுதிநேர, தூர ஆய்வாளரை ஏற்கின்றன, பகுதிநேரம் என்றால் பெரும்பாலும் ஆறு வருடம். புலமைப்பரிசில்களில் ஆங்கிலேய அங்கிலிக்கன் குருவான ஜோன் ஸ்டொட் தொடங்கிய லாங்ஹாம் அமைப்பு நம்மைப் போன்ற நாடுகளின் சுவிசேஷ சபை ஆய்வாளருக்கு உதவுகிறது, ஆனால் திரும்பி வந்து இறையியல் கற்பிப்பவர்களுக்காக ஏற்பட்டது அது. ஒரு செமினரியின் ஆதரவு இல்லாமல் விண்ணப்பிப்பது கடினம்.

விளம்பரங்களில் 'டி.மின்.' (ஊழியக் கலாநிதி) என்று வருவது வேறு. அது நீண்ட ஊழிய அனுபவம் உள்ள குருமாருக்கான தொழில்சார் பட்டம். நல்ல இடத்தில் செய்தால் மதிப்பானது, ஆனால் உங்கள் கேள்விக்குப் பொருத்தமானதல்ல.

வேலையும் வீடும்

விரிவுரையாளர் ஆகலாமா? நேரடியாகச் சொன்னால், அதை நம்பி இதைத் தொடங்க வேண்டாம். அரச பல்கலைக்கழகத்தின் ஆரம்ப விரிவுரையாளர் பதவிக்கு முதலில் பார்ப்பது முதல் பட்டத்தையே. சிறப்புப் பட்டத்தில் முதல் வகுப்போ இரண்டாம் வகுப்பு மேற்பிரிவோ கேட்பார்கள். பொதுப் பட்டத்துக்கு மேல் கலாநிதி வந்தாலும் அந்தப் பள்ளம் தானாக நிரம்பாது. செமினரிகளில் கற்பிக்க, பாடநூல் எழுத, ஆசிரியர் பயிற்சியில் பங்கெடுக்க இது நிச்சயம் உதவும். சம்பளத்தில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்காதீர்கள்.

எந்தக் காரணத்துக்காகவும் பாடசாலை வேலையை விட வேண்டாம். வெளிநாடு போவதென்றால் கற்கை விடுமுறைக்கு, அரச ஊழியருக்கான தாபன விதிக்கோவைப்படி அதிபர் ஊடாக விண்ணப்பியுங்கள். சம்பளத்தோடு விடுமுறை கிடைத்தால் பிணை ஒப்பந்தம் எழுதச் சொல்வார்கள். இடையில் நிறுத்தினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், பிணை நிற்பவர் யார் என்பதைக் கையெழுத்துக்கு முன் வாசியுங்கள். பிணை நிற்பவர்கள் பட்ட பாட்டை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

கணவருடைய கேள்வியை நீங்கள் குத்தலாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. ஒரு வருடப் பட்டத்தைப் பற்றிக் கேட்டபோது உங்களிடம் பதில் இருக்கவில்லை. அம்மாயியின் பாட்டைப் பற்றி அவருக்குச் சொன்னதுண்டா? சொல்லிவிட்டு, ஆறு வருடங்களுக்கு சனிக்கிழமைகளில் பிள்ளைகளை யார் பார்ப்பது என்பதையும் அன்றே பேசுங்கள்.

இனி அடுத்த இரண்டு மாத வேலை. ஒரே பக்கத்தில் கேள்வி, ஏன் அது முக்கியம், யாரிடம் எதைத் தேடுவீர்கள், எந்த வாசல் என்று எழுதுங்கள். வேதவசனம் வேண்டாம், சாட்சி வேண்டாம். அதை மூன்று பேராசிரியர்களுக்கு அனுப்புங்கள். அனுப்புமுன் அவர்கள் எழுதியதில் ஒன்றையாவது வாசித்திருக்க வேண்டும். பதில் வராவிட்டால் மூன்று வாரம் கழித்து மரியாதையாக ஒரு முறை நினைவூட்டலாம்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அம்மாயிக்கு 86 வயது, இன்னும் தோட்டத்தில் மாமாவோடு இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகஸ்ட் விடுமுறை வரை காத்திருக்க வேண்டாம், அடுத்த நீண்ட வார இறுதியிலேயே ஹட்டன் ரயிலைப் பிடியுங்கள். பதிவதற்கு முன் அம்மாயியிடம் கேட்டு, அவர் சம்மதிப்பதையும் குரலிலேயே பதியுங்கள். திகதி, இடம், கூட இருந்தவர்கள் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் குறியுங்கள். இது இப்போதைக்குக் குடும்பப் பதிவு மட்டும்தான். ஆய்வில் பயன்படுத்தப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒழுக்கநெறிக் குழுவிடம் பின்னர் அனுமதி கேட்க வேண்டும். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக்கூடாது என்று அவர் மறுக்கலாம். வற்புறுத்தாதீர்கள். போதகர் நிறுத்தச் சொன்ன அந்த நாளைப் பற்றி மட்டும் கேளுங்கள். அன்றைக்கு அம்மாயி எந்தச் சங்கீதத்தைப் பாடிக்கொண்டிருந்தார்?